ஓசிஐ அட்டை எடுத்தால் நீல அடையாள அட்டை பறிபோகுமா?

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து ஓர் அன்பர் கேட்கிறார்: “என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். இந்தியா வல்லரசாகி வருகிறது, நமக்கும் இரட்டைக் குடியுரிமை தருகிறது, நாலாயிரம் வெள்ளி கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜென்ட். வாங்கினால் என் மலேசியக் குடியுரிமை போய்விடுமா?”

போகாது ஐயா, மலேசியக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை உங்களிடமே இருக்கும். இந்தியா தருவது ஓசிஐ (Overseas Citizen of India, அயலக இந்தியக் குடிமகன்) என்ற அட்டை; அது குடியுரிமையே அல்ல. அந்நாட்டின் அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. போய்ச் சேர்ந்த நாட்டுக்கே விசுவாசமாக இருங்கள் என்று அன்று நம்மிடம் சொன்னார் நேரு. பிறகு அயலக இந்தியரின் பணமும் செல்வாக்கும் டில்லிக்குத் தேவைப்பட்டன. 2003 முதல் ஜனவரி 9ஆம் தேதி நமக்கென்று விழா நடந்தது. 2005இல் சட்டம் திருத்தி ஓசிஐ கொண்டுவந்தார்கள். அது ஆயுளுக்கும் செல்லும் விசா. வாக்குரிமை கிடையாது. அதற்குப் போய் ‘குடிமகன்’ என்று பெயர் சூட்டினார்களே! அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஏஜென்ட்டுகள் வயிறு வளர்க்கிறார்கள்.

நிலம் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஓசிஐ வைத்திருப்பவர் இந்தியாவில் வீடு வாங்கலாம். வயலோ தோப்போ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. தாத்தாவின் நிலம் வாரிசு உரிமையில் வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாரிசு வேறு, கிரயம் வேறு. “பங்காளி பெயரில் பதிந்து வைப்போம்” என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பத்திரத்தில் யார் பெயரோ அவருக்குத்தான் நிலம்.

தாத்தா சுதந்திரத்துக்கு முன்பே வந்தவர் என்பது தடையல்ல. 26.1.1950 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரின் பேரப்பிள்ளை என்று காட்டினால் போதும். காட்டுவதில்தான் பாடு. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள்: ஒரு தாளில் பெருமாள், இன்னொன்றில் பெரமல், மூன்றாவதில் பிருமால். ஒரு துணி மூட்டையோடு ரஜுலா கப்பலில் வந்திறங்கிய மனிதரின் பேரனிடம், எழுத்துப் பிசகாத காகிதம் கேட்கிறார்கள். நாட்டை விட்டு ஆளேற்றி அனுப்பிய காலத்தில் இந்தக் கறார் எங்கே போயிருந்தது?

தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை பெறாத நிரந்தரவாசிக்குத் தருவது), பழைய கடவுச்சீட்டு, அப்பாவின் பிறப்புப் பத்திரம், உங்கள் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பெயர்களை ஒப்பிடுங்கள். எழுத்து மாறியிருந்தால் சத்தியப் பிரமாணம் எழுதி இணையுங்கள். விண்ணப்பம் இந்திய அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் மகளே நிரப்பிவிடுவாள். அரசுக் கட்டணம் 275 அமெரிக்க டாலர். அதற்கு மேல் சிறு சேவைக் கட்டணம் இருக்கலாம், நாலாயிரம் வெள்ளி இல்லை. அசல் காகிதங்களை அந்த ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், நாளைக் காலையே போய் வாங்கி வந்துவிடுங்கள்.