மழைக்கு மழை திரும்பி வரும் மஞ்சள் சளி

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். சமையல் இன்றும் விறகடுப்பில்தான். நான்கு வருடமாக ஐப்பசி மழை பிடித்தால் இருமல், மஞ்சள் சளி, இளைப்பு. மெடிக்கலில் மூன்று நாள் மாத்திரை வாங்கித் தந்தால் குறைகிறது. அடுத்த மாதமே திரும்புகிறது. நுரையீரலில் கிருமி தங்கிவிட்டதா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தங்கியிருக்கலாம். ஆனால் அதற்கு இடம் கொடுத்தது பெரும்பாலும் அடுப்புப் புகைதான்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய ரோமங்கள் உண்டு. சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. பல வருடப் புகையில் அவை செயலிழக்கின்றன. தேங்கிய சளியில் ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா, நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றைக் கொல்ல வரும் வெள்ளை அணுக்கள் கொட்டும் எலாஸ்டேஸ் என்ற நொதி குழாய்ச் சுவரையும் சேர்த்தே அரிக்கிறது. அரித்த இடத்தில் சளி இன்னும் தேங்கும். கிருமிக்கு இன்னும் வசதி. சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நோய்) ஒவ்வொரு தாக்குதலிலும் ஒரு படி இறங்குவது இப்படித்தான். குழாய் நிரந்தரமாக விரிந்துவிட்டால் அது பிராங்கியெக்டாசிஸ். (சளியின் பச்சை நிறம்கூடக் கிருமியுடையது அல்ல, வெள்ளை அணுக்களில் உள்ள இன்னொரு நொதியின் நிறம்.)

மூன்று நாள் மாத்திரையை இனி நிறுத்துங்கள். இந்தத் தாக்குதல்களில் கணிசமானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வீண். இளைப்பு கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளி சீழ்போல் மாறுவது ஆகிய மூன்றில் சீழ்ச்சளியோடு மற்ற ஒன்றாவது இருந்தால்தான் பொதுவாகத் தருவோம். சிஓபிடிக்குப் பெரும்பாலும் 5 நாள், பிராங்கியெக்டாசிஸுக்கு 14 நாள்வரை. அரைகுறையாகத் தின்றால் மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சக்கூடும்.

மாத்திரை தொடங்கும் முன் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காலையில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழ்ந்து இருமி வரும் கோழையைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். எச்சில் பயன்படாது. காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். அரசு மருத்துவமனையில் இலவசம். லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கடையில் வாங்கித் தின்றால் காசநோயின் அறிகுறி தற்காலிகமாக மறைந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். தாக்குதல் அடங்கி ஆறு வாரம் கழித்து ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் பரிசோதனை. தேவைப்பட்டால் சிடி ஸ்கேன்.

இன்ஹேலர் எது என்பதை அதன்பிறகு முடிவு செய்யலாம். ஸ்டீராய்டு கலந்தது சிஓபிடி உள்ளவருக்கு நிமோனியா அபாயத்தைச் சற்றுக் கூட்டும்; பக்கத்து வீட்டுக்காரருடையதைத் தரவே வேண்டாம்.

வீட்டில் காலை, மாலை பத்து நிமிடம்: நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து மூன்று விநாடி நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து "ஹா" என்று இரண்டு மூன்று முறை வெளியேற்றட்டும். தேங்கிய கோழை மேலே வரும். கேஸ் அடுப்புக்கு மாறுங்கள். குளிருக்காக அறைக்குள் கரிக் கணப்பு வைக்கும் வழக்கமும் வேண்டாம். மழைக்கு முன் வருடந்தோறும் ஃப்ளூ தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி நிமோகாக்கல் தடுப்பூசியும் போடுங்கள்.

விரல் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) இருந்தால், நலமாக இருக்கும் நாளில் அம்மாவின் அளவைக் குறித்து வையுங்கள். நம் மலை உயரத்தில் சமவெளியைவிட ஓரிரண்டு புள்ளி குறைவது இயல்பு. வழக்கத்தைவிட 4 புள்ளி குறைந்தாலோ, 90க்குக் கீழே போனாலோ, உதடு நீலமானாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.