கரடிக்கு உங்கள் சோற்றுப்பானை வேண்டாம்

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் நண்பர்கள் சிலர் பிள்ளைகளுடன் திருகோணமலை முதலிக்குளம் பக்கம் ஒரு குளத்தருகே கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்க எண்ணுகிறோம். அங்கே கரடி உண்டென்று ஊரார் சொல்கிறார்கள். காணொளிகளில் உணவை மரக்கிளையில் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்கள். கரடி வந்தால் மரத்தில் ஏறு என்கிறார் ஒருவர், எதிர்த்து அடி என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது? காவலுக்கு வீட்டு நாயையும் கொண்டு போகலாமா, ஐயா?
– உப்புவெளி வாசகர்

பதில்: நீங்கள் பார்த்த ஆலோசனை வட அமெரிக்காவுக்கு உரியது. அங்குள்ள கருங்கரடியும் பழுப்புக் கரடியும் மனிதர் உணவில் ஒருமுறை ருசி கண்டால் கூடாரத்தைத் தேடியே வரும். அதனால்தான் கயிறும் பூட்டுப்போட்ட பெட்டியும். இலங்கையில் இருப்பது ஒரே ஒரு கரடி இனம், தேன்கரடி. கறையானும் எறும்பும் பழமும் தேனும் தேடித் திரிகிற விலங்கு அது. உங்கள் சோற்றுப்பானையில் அதற்குப் பெரிய நாட்டமில்லை. நம் நாட்டில் கரடியால் காயப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் விறகுக்கோ தேனுக்கோ வேட்டைக்கோ காட்டுக்குள் நடந்து போய், எதிர்பாராமல் அதன்மேல் மோதிக்கொண்டவர்கள்.

ஆகவே உங்கள் கவலை உணவைவிட்டு, கரடியைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதில் திரும்ப வேண்டும். அதற்குக் கண்பார்வை குறைவு, செவியும் அவ்வளவு கூர்மையல்ல, மோப்பம் மட்டும் அபாரம். புற்றைக் கிளறி மூக்கை உள்ளே நுழைத்து, நாசித் துவாரங்களை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழல்போலக் குவித்துக் கறையானை உறிஞ்சும். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் இல்லாதது இதற்கு வசதி. அந்த உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அதே ஓசையில் உங்கள் காலடி அதற்குக் கேட்காது. காற்று உங்களை நோக்கி வீசினால் வாடையும் எட்டாது. பற்றையைச் சுற்றி வளைந்து நீங்கள் சில அடி தூரத்தில் போய் நிற்கும்போதுதான் தலை தூக்கும். அந்தக் கணத்தில் அது ஓடுவதைவிடப் பாய்வதையே தெரிவு செய்யலாம். சிறுத்தை உலவும் காட்டில் மரமேறித் தப்ப முடியாது என்பதால், நின்று எதிர்க்கும் இயல்பு அதற்கு வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குட்டியை முதுகில் சுமந்து நடக்கும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் இடம். தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் குறித்துள்ள முகாமிடங்களில், முன்பதிவு செய்து மட்டுமே தங்கலாம். ஒதுக்குக் காடு என்றால் வனப் பரிபாலனத் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள். இரண்டு அலுவலகத்திலும் அந்தப் பகுதியில் பணியாற்றுகிறவரிடம் பேசிப் பார்ப்பது எந்தக் காணொளியையும்விடப் பயன் தரும். ஆகஸ்ட் இங்கே கடும் வறட்சிக் காலம். சிறு நீர்க்குழிகள் வற்றி, விலங்கெல்லாம் குளத்துக்கு இறங்கும். தண்ணீர் ஓரத்திலேயே கூடாரம் அடிக்க ஆசை வரும், அடிக்காதீர்கள். கரையிலிருந்து நூறு, இருநூறு மீட்டராவது தள்ளி, சுற்றுப்புறம் தெரியும் வெட்டவெளியில், விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தை விட்டு விலகி அடியுங்கள்.

பகல் வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். புதிதாகத் தோண்டிய ஈர மண்ணுடன் கறையான் புற்று, விதைகள் நிறைந்த எச்சம், பாலை மரத்தின் அடியில் நீண்ட நகக்கீறல் என்று எது தென்பட்டாலும் வேறிடம் பாருங்கள். பாலைப்பழக் காலம் ஆகஸ்டில் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஆனால் பிந்திப் பழுத்த ஒரு மரம் போதும். பாறைக் குகைகளிலும் இடுக்குகளிலும் கரடி பகலில் படுத்திருக்கும், குட்டியும் ஈனும். பிள்ளைகளுக்குக் குகை என்றால் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். கட்டுத்துவக்கு (கயிற்றில் கால் தட்டினால் வெடிக்கும் பொறித்துப்பாக்கி) வைக்கும் பழக்கம் உள்ள காட்டோரங்கள் இருக்கின்றன என்பதால், தடத்தைவிட்டு விலகிப் பற்றைக்குள் நுழைவதற்கு நான் கரடி இல்லாத இடத்திலும் சம்மதிக்கமாட்டேன்.

கரடி அதிகம் நடமாடுவது அந்தி தொடங்கி விடியும்வரை. இரவில் ஒருவர் சிறுநீர் கழிக்க எழுந்தால் தனியாகப் போகக் கூடாது. இருவராக, டோர்ச் அடித்துக்கொண்டு, சத்தமாகப் பேசியபடி போக வேண்டும். பகலிலும் வளைவுகளிலும் அடர்ந்த பற்றைகளிலும் பேசுங்கள், கைதட்டுங்கள். காட்டின் அமைதியை ரசிக்க வேண்டுமென்றால் கூடாரத்தடியில் உட்கார்ந்து ரசியுங்கள், நடக்கும்போது வேண்டாம். நெருப்பு ஓரளவு உதவும், ஆனால் அதை நம்பித் தூங்கிவிட முடியாது. வறட்சியில் ஒரு பொறி காட்டையே எரித்துவிடும்.

உணவைப் பத்திரப்படுத்துங்கள் என்றுதான் நானும் சொல்வேன். காரணம் யானை. அரிசி, உப்பு, வாழைப்பழ வாசனைக்கு அது சுவரையே உடைக்கும், கூடாரத் துணி எம்மாத்திரம்? உணவு எல்லாம் வாகனத்துக்குள், கண்ணாடி ஏற்றிய நிலையில் இருக்கட்டும். தூங்கும் கூடாரத்துக்குள் பிஸ்கட் பொதிகூட வேண்டாம்.

இனி, கரடியை நேரில் கண்டால். தூரத்தில் இருந்து அது உங்களைக் காணவில்லை என்றால் வந்த வழியே ஓசையின்றித் திரும்புங்கள். கண்டுவிட்டால் ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகம். மரத்தில் ஏறுவதும் வீண். உங்களைவிட அதுவே நன்றாக ஏறும். பின்னங்காலில் எழுந்து நிற்பது பெரும்பாலும் யாரென்று பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும்தான். பிள்ளைகளை உங்கள் பின்னால் ஒன்றாகச் சேர்த்து, தாழ்ந்த குரலில் பேசியபடி, அதற்கு முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். அது போகும் வழியை மறிக்காதீர்கள். பாய்ந்து வந்து பாதியில் நின்று திரும்புவதும் உண்டு.

உண்மையாகவே மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுங்கள். முகத்தை மண்ணில் புதைத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் பக்கங்களைக் காத்து, அசையாமல் கிடங்கள். தேன்கரடி தாக்குவது பசிக்காக அல்ல. ஆபத்து நீங்கியது என்று தோன்றினால் விட்டுப் போய்விடும். அதன் நீண்ட நகங்கள் குறிவைப்பது பெரும்பாலும் தலையையும் முகத்தையும்தான். கண்ணைக் காப்பாற்றிக்கொண்டால் பாதி காப்பாற்றியதாகும். எழும்ப அவசரப்படாதீர்கள். அது நன்றாக அகன்றபின் எழுங்கள்.

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் போகலாம், அதனால் வாகனத்தை வீதியை நோக்கித் திருப்பி நிறுத்தியிருங்கள். திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு எந்த வழி என்பதை முன்னரே பார்த்து வைத்திருங்கள். காயம் சிறியது என்று வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும், விசர்நாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசியும் தேவையா என்று வைத்தியர் முடிவு செய்யட்டும். கரடியும் அந்த நோயைப் பரப்பக்கூடிய பாலூட்டிதான்.

நாயைக் கொண்டு போகாதீர்கள். அது முன்னால் ஓடிக் கரடியைக் குரைத்துச் சீண்டிவிட்டு, அடி விழும் என்று தெரிந்ததும் உங்கள் கால்களுக்கிடையில் ஒளிந்துகொள்ள ஓடி வரும், கரடியும் அதன் பின்னாலேயே வரும்.