சமையல் சேனலுக்கு ஏன் காசு குறைவு? – வாசகர் கேள்வி பதில்

தேனியிலிருந்து ஒரு வாசகி: நானும் மாமியாரும் யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறோம். என் தம்பி பங்குச்சந்தை பற்றிப் பேசுகிறான். அவனைவிட எங்களுக்கு இரண்டு மடங்கு பார்வைகள். ஆனால் மாதக் கடைசியில் பணம் அவனுக்குத்தான் அதிகம் வருகிறது. ஏன்?

உங்கள் சமையலில் குறை இல்லை அம்மா, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். ஒரு பார்வைக்கு இவ்வளவு என்று யூடியூபில் நிலையான கூலி கிடையாது. ஒருவர் உங்கள் வீடியோவைத் திறந்ததும், அவருக்கு யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்று ஓர் ஏலம் நடக்கிறது. ஏலக்காய் ஏலம் பார்த்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு எளிதில் புரியும். இங்கே அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், அவ்வளவுதான். பங்குச்சந்தை வீடியோ பார்ப்பவரை டீமேட் கணக்கு (வாங்கிய பங்குகளை வைக்கும் கணக்கு), மியூச்சுவல் ஃபண்ட், காப்பீடு விற்பவர்கள் எல்லாரும் தேடுகிறார்கள். ஒருவர் சேர்ந்தால் பல வருட வருமானம் என்பதால் விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். பத்து ரூபாய் மசாலா பாக்கெட் விற்கிறவரால் அந்த விலைக்குக் கேட்க முடியுமா? நீளமான வீடியோ விளம்பரத்தில் வரும் பணத்தில் 55 சதவீதம் சேனலுக்கு வரும். ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்களுக்குக் கணக்கு வேறு. சேனல்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம்தான்.

இரண்டு விஷயம் பாருங்கள். வீடியோ 8 நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். அதற்காகக் குழம்பை இழுத்துக் கொதிக்க விட வேண்டாம், பார்க்கிறவர் எழுந்து போய்விடுவார். அடுத்தது, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உங்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று யூடியூப் ஸ்டூடியோவில் தேடுங்கள். அங்கே விளம்பர விலை அதிகம். அமெரிக்கப் பார்வைகளில் வரும் பணத்துக்கு 2021 முதல் அந்த நாட்டு வரி பிடிக்கிறார்கள். யூடியூப் பணம் வந்து சேரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் வரிப் படிவத்தை நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலேயே 24 சதவீதம் வரை போகலாம். இன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.

மனம் தளர வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் வயல்வெளியில் அடுப்பு மூட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல்தான் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். அதுவும் சமையல்தான்.

காரைக்குடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர்: லோக்கல் கேபிளுக்கும் பத்திரிகைக்கும் கொடுத்துவந்த விளம்பரப் பணத்தை முழுசாக செல்போன் விளம்பரத்துக்கு மாற்றச் சொல்கிறான் மகன். செய்யலாமா?

ஐயா, இருபத்திரண்டு வருடம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை கடையாக விளம்பரம் வாங்கியவன் நான். தீபாவளிக்கு முந்தின மாதம் முழுக்க, இருட்டுகிற வரை நடப்பேன். அதனால் இதற்கு ஒட்டாமல் பதில் சொல்ல என்னால் முடியாது.

மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு, வீடியோ பார்க்கிற கூட்டம் டிவியிலிருந்து கைக்கு வந்துவிட்டது. 2022இல் ஐபிஎல் உரிமை ஏலத்தில் இந்தியாவுக்கான டிவி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. செல்போனிலும் இணையத்திலும் காட்டும் டிஜிட்டல் உரிமைக்கு அதைவிடக் கூட, 23,758 கோடி. அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். போட்ட பணத்தை எடுக்க விளம்பரம் வேண்டும், அந்த விளம்பரக்காரர்களில் உங்களைப் போன்ற சின்னக் கடைகளும் உண்டு. கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லலாம், தினம் சில நூறு ரூபாயில் தொடங்கலாம். கேபிளில் அந்த வசதி கிடையாது.

ஆனால் முழுசாக மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்த கால் பக்க விளம்பரத்தில்தான் பேருந்து நிலையச் சாக்கடையைப் பற்றி எழுதிய நிருபருக்குச் சம்பளம் போனது. செல்போன் விளம்பரக் காசில் பெரும்பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக் நடத்தும் மெட்டாவுக்கும் போகிறது, அவர்கள் உங்கள் ஊருக்கு நிருபர் அனுப்ப மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கையாவது உள்ளூரில் வையுங்கள். ஆடித் தள்ளுபடிக்குக் கடைக்கு வந்தவர்களிடம் எதைப் பார்த்து வந்தீர்கள் என்று பில் போடும் இடத்திலேயே கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்த நோட்டை வைத்து மகனோடு பேசுங்கள்.

விருதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஐந்தாவது நொடியில் ஸ்கிப் அழுத்துகிறேன். சேனல்காரருக்கு நஷ்டமா?

பெரும்பாலும், ஆமாம். ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தை 30 நொடியோ, அதைவிடச் சின்ன விளம்பரமானால் முழுவதுமோ பார்த்தால், அல்லது அதை அழுத்தி உள்ளே போனால்தான் விளம்பரம் கொடுத்தவர் பணம் கட்டுவது வழக்கம். பிடித்த சேனல் என்றால் அரை நிமிடம் ஓட விடுங்கள். ஆனால் உதவுவதாக நினைத்து, வேண்டாத விளம்பரத்தை அழுத்தி அழுத்தித் திறக்காதீர்கள். தோழிகளையும் செய்யச் சொல்லாதீர்கள். அதைப் போலி கிளிக் என்று கணினி கண்டுபிடித்தால் அந்தப் பணத்தைக் கழித்துவிடுவார்கள், அந்தச் சேனலின் விளம்பர வருமானமே நின்றுபோகவும் கூடும்.