தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டில் 3 நாள்: பேலியோவை விடாமல் இருக்க முடியுமா?

பேலியோவில், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் குறைமாவு உணவுமுறையில், நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்துக்குள் சாப்பிட்டு வருவதாகவும், தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டில் 3 நாள் தங்கப்போவதாகவும், அவர்கள் மனமும் நோகாமல் குறைத்த எடையும் ஏறாமல் இருக்க வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் இலை போட்ட பிறகு யோசிக்க ஆரம்பித்தால் கிடையாது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு "வேண்டாம், வேண்டாம்" என்று மல்லுக்கட்டும் மாப்பிள்ளை கடைசியில் நாலு இட்லியும் தின்பார், கெட்ட பெயரும் வாங்குவார்.

ஒரு வாரம் இருக்கும்போதே மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு உண்டா? கறி எடுப்பது எந்த நாள்? நோன்பு உள்ள வீட்டில் அமாவாசையன்று கறி வாசமே இருக்காது, அதிரசம்தான் படையல். சில வருடம் தீபாவளியும் அமாவாசையும் ஒரே நாளில் வரும், சில வருடம் அடுத்தடுத்த நாளில் வரும். நோன்பு இல்லாத வீடு என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு இட்லியும் கறிக்குழம்பும் தயாராக இருக்கும். குறைமாவில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வகை வீடு வரம். முதல் வகை என்றால் அந்த ஒரு நாளுக்கு முட்டையாவது உண்டா, அதுவும் கிடையாதா என்று தெரிந்துகொண்டு பனீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடுத்தது, சொல்ல வேண்டியதை மனைவி மூலமாக முன்கூட்டியே சொல்லிவிடுவது. எதைச் சாப்பிட மாட்டேன் என்ற பட்டியலைச் சொல்லாதீர்கள். தலை தீபாவளிக்கு ஒரு மாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அது இடி. எதைச் சாப்பிடுவேன் என்று சொல்லுங்கள். "அம்மா, அவருக்குச் சோறு ஒரு கரண்டி போதும்மா, கறியும் முட்டையும் கொஞ்சம் கூட வைங்க" என்று மகள் போனில் சொன்னால் அது கோரிக்கை. அதையே நீங்கள் பந்தியில் சொன்னால் அது குறை சொல்வது மாதிரி ஆகிவிடும். சீக்கிரம் சொல்வதில் இன்னொரு லாபம், கறிக்கடையில் தீபாவளிக்கு முதல் நாளே சொல்லிவைக்கலாம். எலும்போடு 300 கிராம் ஆட்டுக்கறி என்றால் எலும்பு போக ஏறக்குறைய 200 கிராம் சதை, அதில் 40 கிராம் புரதம். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு அது தாராளம். வழக்கமாக அவர்கள் கணக்குப் போடுவது இதில் பாதிதான் இருக்கும். அதனால் உங்களுக்காக அரைக் கிலோ சேர்த்து எடுக்கச் சொல்வது நியாயமான அளவு. அதற்கான பணத்தையும் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி தீபாவளியன்று காலை. முதலில் லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், நல்லெண்ணெய், தேன் போட்டுக் கிளறியது. சுண்டைக்காய் அளவு எடுத்தால் 2, 3 கிராம் சர்க்கரைக்கு மேல் போகாது. மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. பிறகு இனிப்பை வாயில் போட வருவார்கள். அதையும் மறுக்காதீர்கள். கட்டைவிரல் நகம் அளவு கிள்ளி அவர்கள் எதிரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அத்தோடு பெரும்பாலும் வற்புறுத்தல் நிற்கும்.

அடுத்து இட்லி. நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து, உளுந்து வடையில் 8 முதல் 10. நாலு இட்லி, ரெண்டு வடை என்று உட்கார்ந்தால் காலை 7 மணிக்கே 60 கிராம். ஒரு இட்லி வாங்கிக்கொண்டு அதன் மேல் கறிக்குழம்பை ஊற்றச் சொல்லுங்கள், கூடவே 3 அவித்த முட்டை. முதலில் முட்டை, பிறகு கறி, கடைசியில் இட்லி. புரதத்தையும் காய்கறியையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகமும் உச்சமும் குறைகிறது. அதோடு, வயிறு நிறைந்த பிறகு வரும் இட்லி ஒன்றோடு நிற்கும். பசியோடு தொடங்கும் இட்லி நிற்காது.

இலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பரிமாறுகிறவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்க்கிறார். காலி இடம் தெரிந்தால் கரண்டி வரும். ஆகவே பொரியலையும் கூட்டையும் முழுதாக வழித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். கடைசிவரை கொஞ்சம் இருக்கட்டும், தீர்ந்தால் அதையே மறுபடி கேட்டு வாங்குங்கள். சோறு வரும்போது, கரண்டி சாய்வதற்கு முன் விரல்களை இலைக்கு மேலே குடை மாதிரி பிடித்து "பாதி போதும் அத்தை" என்று சொல்ல வேண்டும். சாய்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை. வாங்கிய சோற்றை மீதம் வைத்து இலையை மடிப்பது அந்த வீட்டுக்கு அவமரியாதை. ஒரு சிறு கரண்டி, 70 கிராம் சோறு, 20 கிராம் மாவுச்சத்து. வாங்கினால் சாப்பிட்டுவிடுங்கள்.

மதியம் பிரியாணி என்றால் கவலை குறைவு. தம் போட்ட அண்டாவின் அடியில்தான் கறியும் மசாலாவும் இருக்கும். "எனக்கு அடியிலிருந்து பீஸ் எடுத்துப் போடுங்க மாமா" என்று கேட்பது எந்த வீட்டிலும் தப்பாகாது, ரசித்துச் சாப்பிடுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெங்காயத் தயிர்ப் பச்சடி நல்லது. தால்ச்சாவில் பருப்பு இருக்கிறது, இரண்டு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மாவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிக்கன் 65-ல் சோளமாவும் அரிசிமாவும் மைதாவும் கலப்பார்கள். வெறும் மசாலா தடவி வறுத்த மீன் சரி, மொறுமொறுப்புக்கு ரவை புரட்டியிருந்தால் சரியில்லை. குழம்பு கெட்டியாக இருந்தால் தேங்காயா பொட்டுக்கடலையா என்று கேளுங்கள். தேங்காய் என்றால் பயமில்லை. சின்ன வெங்காயம் 100 கிராமில் 16, 17 கிராம் மாவுச்சத்து உண்டு, வெங்காயத்தைக் கொட்டி வதக்கிய தொக்கில் இது சேர்ந்துகொண்டே போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை காபி. பண்டிகை வீட்டில் ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் உங்களுக்கும் ஒரு டம்ளர் வரும். 100 மில்லி பாலில் 5 கிராம், இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் 8 முதல் 10 கிராம். நாலு டம்ளர் குடித்தால் ஒரு வாய் சோறு தின்னாமலேயே 55 கிராம். முதல் நாள் காலையிலேயே சர்க்கரை இல்லாத காபி என்று சொல்லிவிடுங்கள், இரண்டோடு நிறுத்துங்கள்.

மதியச் சாப்பாடு 3 மணிக்குத் தள்ளிப்போகும், அதற்குள் முறுக்குத் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நடுத்தர முறுக்கு ஒன்றே 11, 12 கிராம். பையில் வறுத்த பாதாம் வைத்துக்கொள்ளுங்கள். 30 பாதாமில் 8 கிராம் மாவுச்சத்து, அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. முந்திரி வேண்டாம், அதில் 100 கிராமுக்கு 30.

சைவ வீடு என்றால் சுருக்கமாக: 200 கிராம் பனீர் வாங்கிப்போய் மிளகு போட்டு வறுத்துத் தரக் கேளுங்கள். கோஸ், பீன்ஸ், வெண்டை, கத்தரி, புடலை, எதுவானாலும் தேங்காய்ப்பூ தூக்கலாகப் போட்ட பொரியல். அவியலில் சேனையையும் வாழைக்காயையும் ஒதுக்குங்கள். ரசம் தாராளமாக, சாம்பார் தெளிவாக, தயிர் ஒரு கிண்ணம்.

பலகாரத்தில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்தது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை நிதானமாகச் சாப்பிடுங்கள். அத்தை கைப்பட மாவிடித்துப் பாகு காய்ச்சிச் சுட்ட அதிரசம் என்றால் பாதி, சுமார் 13 கிராம். கடையில் வாங்கிய மைசூர்பாகுக்காக அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். மாவைப் போல இரண்டு மடங்கு சர்க்கரை போட்டுச் செய்வது அது. ஒரு இட்லி, ஒரு கரண்டி சோறு, அரை அதிரசம், பச்சடி, பொரியல், காபி எல்லாம் சேர்த்தால் 70 கிராம் அளவில் நிற்கும். 40-ஐத் தாண்டியாயிற்றே என்று சிலர் இங்கே சண்டைக்கு வருவார்கள். ஆரோக்கியமான ஆளுக்கு வருடத்தில் ஒரு நாள் 70 கிராம் எதையும் கெடுத்துவிடாது. 40 என்பது உடல் எடைக்காக நாம் வைத்துக்கொண்ட கோடு.

மறுபக்கத்திலிருந்து "எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான், 90 வயசு இருந்தார்" என்று வருவார்கள். இருந்திருப்பார். அவர் வயலில் இறங்கி உழைத்தார், கேள்வி கேட்டவர் எடை குறைக்கிறார். இரண்டும் வேறு. சோற்றை யாரும் இங்கே திட்டவில்லை. கருப்பட்டி போட்டால் பரவாயில்லை, தினை அதிரசம் தின்னலாம் என்பதும் குறைமாவுக் கணக்கில் நிற்காது. கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையேதான். சிறுதானியங்களில் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து, அரிசியில் 78. 'சுகர் ஃப்ரீ' இனிப்பிலும் கடலைமாவோ மைதாவோ அப்படியே இருக்கும். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டியைச் சேர்த்திருந்தால் அது சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும்.

கடை இனிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிலோ 600, 800 ரூபாய் விற்கும் இனிப்பை அட்டைப்பெட்டியோடு சேர்த்துத் தராசில் வைக்கிறார்கள். வெறும் பெட்டியே 50, 100 கிராம் இருக்கும். நிகர எடைக்குத்தான் காசு வாங்க வேண்டும் என்பது சட்டம், தொழிலாளர் துறையில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் தீபாவளி நெரிசலில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது யாரும் கேட்பதில்லை, கேட்டவரை அற்பமாகப் பார்க்கிறார்கள். கேளுங்கள். பெட்டியைத் தனியாக வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவரா என்று கேள்வியில் இல்லை. எடுப்பவர் என்றால் மேலே சொன்னதெல்லாம் இரண்டாம்பட்சம். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்து, மதியச் சாப்பாடும் 3 மணிக்குத் தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோ அசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை, வர வாய்ப்புண்டு. ஊருக்குப் போகுமுன் மருத்துவரைப் பார்த்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்னொன்று, மாதக்கணக்கில் குறைமாவில் இருந்துவிட்டு ஒரு நாள் இனிப்புத் தின்று மீட்டரில் பார்த்தால் எண் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டும். உடல் மாவுச்சத்தைக் கையாளும் வேகம் தற்காலிகமாகக் குறைந்திருப்பதே காரணம். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் 3 நாள் தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்துச் சாப்பிட்டு வரச் சொல்வதும் இதனால்தான்.

எடை உண்மையில் ஏறுவது அந்த 3 நாளில் அல்ல, அதற்குப் பிறகு. சீரோடு சேர்த்து இரண்டு மூன்று தூக்கு அதிரசமும் முறுக்கும் உங்கள் வீட்டுக்கு வரும். அதிரசம் இரண்டு வாரம் கெடாது, கெடாததுதான் சங்கடம். தினம் ராத்திரி ஒன்று என்றால் 25 கிராம், கணக்கிலும் வராது. ஊரிலிருந்து திரும்பிய மறுநாளே அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள். மனைவிக்கு வேண்டியதை அவர் கையில் ஒரு சிறு டப்பாவில், மேல் அலமாரியில். காலித் தூக்கைத் திருப்பித் தரும்போது "ஆபீஸ்ல எல்லாரும் அதிரசம் பிரமாதம்னு சொன்னாங்க அத்தை" என்று சொல்லுங்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

திரும்பி வந்த அன்றே எடை பார்க்காதீர்கள். தின்ற மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும், அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதோடு பண்டிகைச் சாப்பாட்டின் உப்பும் சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும், அதில் கொழுப்பு சொற்பம். ஈடுகட்டப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். மறுநாள் காலையிலிருந்து பழைய 40 கிராமுக்கே போங்கள். முதல் இரண்டு நாள் சிறுநீர் அதிகம் போகும், தலை வலிக்கலாம். ரத்த அழுத்தம் இல்லாதவர் என்றால் மிளகு போட்ட எலும்பு சூப்பில் கொஞ்சம் உப்பைக் கூட்டிக் குடியுங்கள். ஐந்தாம் நாள் காலையில், வெறும் வயிற்றில் ஏறிப் பாருங்கள்.