பூஞ்சை படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

மகள் வேர்ப்பூசண ஆராய்ச்சிக்கு, அதாவது செடியின் வேரோடு கூடி வாழும் பூஞ்சையைப் பற்றிய படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

ஆனால் அது உங்களுக்கு அந்நியமான விஷயமல்ல. ஆத்தூர்ப் பக்கம் விளையும் மரவள்ளிக்கு வேர்த்தூவிகள் (வேரில் மெல்லிய மயிர்போல் இருப்பவை) குறைவு. மண்ணிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுக்க அது இந்தப் பூஞ்சையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. கூலியாகச் சர்க்கரையைக் கொடுக்கிறது. உழவர்கள் ‘வேம்’ (VAM) என்ற உயிர் உரமாக வாங்கிப் போடுவது இதைத்தான். ஏற்காட்டுக் காப்பியின் வேரிலும் இது உண்டு. வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து, டிரிப்பன் நீலம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் குட்டி மரம்போல் கிளைத்து நிற்கும். அதே ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறதல்லவா? ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது என்றே சொல்லலாம்; காட்டில் அது முளைக்க வேறொரு பூஞ்சை வந்து ஊட்ட வேண்டும்.

எந்தப் பூஞ்சை, எந்த நிலத்தில், எந்தச் செடியோடு? உங்கள் மகளை இழுப்பது இந்தக் கேள்விதான். பைன் மரத்தைத் தென் அரைக்கோளத்து நாடுகளுக்குக் கொண்டுபோனவர்கள், அதன் பூஞ்சை அங்கே இல்லாமல் நாற்றுகள் தேறாததால், பைன் தோப்பு மண்ணையே கொண்டுவந்து கலந்தார்கள். 2019-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுத் திடல்களின் தரவைத் தொகுத்து, எந்த வகைப் பூஞ்சை எங்கே ஓங்கியிருக்கிறது என்று உலகப் படமே வரைந்துவிட்டார்கள். குளிர்நாட்டுக் காடுகளில் வேரை வெளியே உறையிடும் வகையும், வெப்பநாடுகளில் செல்லுக்குள் நுழையும் வகையும் ஓங்கியிருக்கின்றன.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கு பி.எஸ்சி. மட்டும் போதாது. எம்.எஸ்சி. முடித்து, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உண்டு. முனைவர் பட்டம்வரை ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகும். அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக்கடன் அடைபட வேண்டும் என்றால், பி.எஸ்சி. முடிந்ததும் உயிர் உரத் தயாரிப்பு, தரப் பரிசோதனைக் கூடம் ஆகியவற்றில் முயலலாம்; தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது.

தாவரவியலா, நுண்ணுயிரியலா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கணக்கை மட்டும் அவள் கைவிட விடாதீர்கள். இன்று இத்துறை டிஎன்ஏ வரிசையிலும் புள்ளியியலிலும் நிலவரைபட மென்பொருளிலும்தான் நடக்கிறது. இவை கைவந்தவளுக்கு வனம், வேளாண்மை, சுற்றுச்சூழல் என்று பூஞ்சைக்கு வெளியேயும் வேலை உண்டு.

சேர்க்கைக்கு முன் இருவரும் கல்லூரியின் அந்தத் துறைக்கே நேரில் போங்கள். மாணவர்கள் கையாலேயே வேருக்குச் சாயமேற்றிப் பார்க்கிறார்களா, புள்ளியியல் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.