மகனுக்கு வேலை தெரியும், மீட்டிங்கில் ஏன் எடுபடவில்லை?

மதுரையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கோடிங்கில் கெட்டிக்காரன். ஆனால் வாராந்திர மீட்டிங்கில் அவன் பேச எழுந்தால் ஆளாளுக்கு போனை எடுத்துவிடுகிறார்களாம். வெளிநாட்டுக்குப் போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்பும் வேறொருவருக்குப் போய்விட்டது. "ஆங்கிலம்தான் பிரச்சினையோ? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கட்டுமா?" என்று கேட்கிறார்.

அம்மா, அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பிரசன்டேஷனைப் பார்த்தேன். ஆங்கிலம் நன்றாகவே இருக்கிறது. தகவலிலும் குறையில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு "இதில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது கடைசி ஸ்லைடு வரை தெரியாது. எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரிப் புள்ளி வைத்து வரிசையாக நிற்கின்றன. சரி, இனி தம்பியிடமே பேசிவிடுகிறேன்.

தம்பி, ஒரு ஸ்லைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003 ஜனவரி 16 அன்று நாசாவின் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள் வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக்காப்புத் துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகள் போட்டுக் காட்டினார்கள். அவற்றில் முக்கியமான ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்ற தொனியில் இருந்தது. கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. ஆகக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியது 1920 கன அங்குலம்.

640 மடங்கு! அதாவது, கையில் இருந்த சோதனைத் தரவை வைத்து இறக்கை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அந்தச் சேதி பக்கத்தின் அடியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது ஓடம் டெக்சாஸ் வானில் சிதறியது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். தகவல்களைக் காட்சிப்படுத்துவதில் பெயர்பெற்ற யேல் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். விபத்து விசாரணைக் குழு அந்த ஆய்வைத் தன் அறிக்கையிலேயே சேர்த்து, நாசாவில் தொழில்நுட்பச் சேதிகளை பவர்பாயின்ட்டில் அடைத்துச் சொல்லும் பழக்கத்தைக் கண்டித்தது. ஒரு ஸ்லைடால்தான் விபத்து என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் பல. ஆனால் அதே தகவலை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"நாம் சோதித்தது கைக்குள் அடங்கும் துண்டு. மோதியது அதைப் போல 640 மடங்கு. இறக்கைக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. தரையிறங்கும் முன் படம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அனுமதி கொடுங்கள்."

எண்கள் மாறவில்லை. ஆனால் இதைக் கேட்ட பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அலுவலகத்தில் கதை சொல்வது என்று நான் சொல்வது இதைத்தான். யாருக்கு என்ன சிக்கல், விட்டால் என்ன ஆகும், இன்று எதை முடிவு செய்ய வேண்டும். இந்த மூன்றும் கோத்து வந்தால் போதும். தொடக்கத்தில் ஒரு ஜோக், நடுவில் ஒரு நீதிக்கதை என்று சில பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது யாருக்கும் ஏறாது.

உங்கள் வேலைக்கே வருவோம். மருத்துவமனை பில்லிங் மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்று அம்மா எழுதியிருக்கிறார். "மாட்யூல் 80 சதவீதம் முடிந்தது, லேட்டன்சி பிரச்சினை ஆய்வில் உள்ளது" என்று ஸ்லைடில் போட்டிருக்கிறீர்கள். அந்த லேட்டன்சி, அதாவது கம்ப்யூட்டர் பதில் தர ஆகும் தாமதம், எங்கே வலிக்கிறது? டிஸ்சார்ஜ் கவுண்டரில். காப்பீட்டு ஒப்புதல் வந்துவிட்டது, வெளியே ஆட்டோ நிற்கிறது, அறுவை சிகிச்சை முடிந்த பெரியவர் சக்கர நாற்காலியில் காத்திருக்கிறார், கவுண்டரில் இருக்கும் பெண் பட்டனை அழுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து தொடங்குங்கள். "ஒரு பில் வர 40 நொடி ஆகிறது, காலை நெரிசலில் வரிசை வாசல் வரை போகிறது. டேட்டாபேஸை மாற்றி அமைத்தால் சரியாகும். அதற்கு ஒருவரை இரண்டு வாரம் கொடுங்கள்." நான் போட்ட 40 சும்மா ஓர் உதாரணம். நீங்கள் அளந்து பார்த்து உண்மையான எண்ணைப் போடுங்கள். முடிந்தால் ஒரு நாள் அந்தக் கவுண்டருக்கே போய் நின்று பாருங்கள். பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகப்படுவார்கள்.

இன்னொன்று, முடிவைக் கடைசி வரை ஒளித்து வைக்காதீர்கள். மேலதிகாரி எந்த நேரமும் எழுந்து போகலாம். கேட்க வேண்டியதை முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட்டு, ஏன் என்பதை அப்புறம் சொல்லுங்கள். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக் கதையை நகர்த்துவார், கேட்டிருப்பீர்கள். உங்கள் ஸ்லைடுகளை ஒரு நண்பரிடம் ஓட்டிக் காட்டுங்கள். ஒன்று முடிந்ததும் "சரி, அப்புறம்?" என்று அவர் தானாகக் கேட்டால் அது நிற்கட்டும். கேட்காவிட்டால் தூக்கிவிடுங்கள்.

பிரசன்டேஷனோடு இது முடியவில்லை. புராஜெக்ட் நடத்துவதிலும் கதைக்கு இடம் உண்டு. வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் அஜைல் முறையில், யாருக்கு என்ன வேண்டும் என்று ஓரிரு வரியில் சொல்லும் யூசர் ஸ்டோரி எழுதுகிறீர்கள் அல்லவா? "ஒரு யூசராக எனக்கு இந்தப் பட்டன் வேண்டும்" என்று எழுதினால் அதில் ஆளே இல்லை. "இரவு ஷிஃப்ட் கேஷியராக" என்று எழுதினால், டெவலப்பருக்கும் டெஸ்டருக்கும் ஒரே ஆள் கண்முன் வருவார். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது பிரீமார்ட்டம். உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் இதை விளக்கி எழுதினார். புராஜெக்ட் தொடங்கும் முன் தலைவர் குழுவிடம் சொல்வார்: "இந்த புராஜெக்ட் படுதோல்வி அடைந்துவிட்டது. எப்படி நடந்தது?" ஆளுக்கொரு காகிதத்தில் சில நிமிடம் தனியாக எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் ஒரு காரணம் வாசிக்க, பட்டியல் தீரும் வரை சுற்று போகும். நம் அலுவலகங்களுக்கு இது மிகவும் தேவை என்பது என் அழுத்தமான கருத்து. "சார், இது சரிவராது" என்று டீம் லீடிடம் புதிதாக வந்த பிள்ளையால் சொல்ல முடிவதில்லை. ஆனால் தோற்றுவிட்டது என்று தலைவரே சொல்லிக் காரணம் கேட்கும்போது, சொல்பவர் எதிர்த்துப் பேசியவர் ஆக மாட்டார். அடுத்த ஸ்பிரின்ட், அதாவது வேலையின் அடுத்த சுற்று, தொடங்கும்போது உங்கள் லீடிடம் இதற்குப் பதினைந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

வேலை மாறும் எண்ணம் இருந்தால் இண்டர்வியூவுக்கும் இதே வழிதான். "நாங்கள் செய்தோம், டீமாக முடித்தோம்" என்று அடக்கத்தோடு சொல்லி வாய்ப்பை இழப்பவர்கள் நிறைய பேர். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்று "நான்" வைத்துச் சொல்லுங்கள்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு முன்னால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, சென்னையில் நிறைய கிளப்கள் உண்டு. பல ஐடி நிறுவனங்களுக்குள்ளேயே நடக்கின்றன. பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சு. முடிந்ததும் எங்கே தொய்ந்தது என்று ஒருவர் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்வார். "ஆ... ஊ..." எத்தனை முறை வந்தது என்று எண்ணிச் சொல்லவே தனியாக ஓர் ஆள் உண்டு. விருந்தினராகப் போய்ப் பார்க்கப் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. இரண்டு மூன்று கூட்டம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடித்தால் சேரட்டும்.