மகள் இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாளா?

"இன்ஜினியரிங் கவுன்சிலிங் வேண்டாம், கோட்பாட்டு இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். சோறு போடுமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். கொஞ்சம் தாமதமாகப் போடும்.

நூறு வருடத்துக்கு முன் சென்னையில் இன்னொரு அப்பாவுக்கும் இதே கவலை. பின்னாளில் நோபல் வாங்கிய இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் தந்தை அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரி. மகன் ஐ.சி.எஸ். (இன்றைய ஐ.ஏ.எஸ். மாதிரி) எழுத வேண்டும் என்பது அவர் ஆசை, மகனுக்கோ கணிதப் பைத்தியம். கடைசியில் சமரசமாகி, மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்தார். சேர்ந்த பிறகும் கணித வகுப்புகளில் போய் உட்கார்ந்துகொண்டார் என்பது வேறு கதை!

சந்திரசேகர் என்றதும் எல்லோரும் நோபலைச் சொல்வார்கள். நான் 1928-ஐச் சொல்வேன். அந்த வருடம் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்த சந்திரசேகர், ஹோட்டலுக்கே போய் அவரைப் பார்த்தார். கிடைத்த பதில்: நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது. கூடவே, அச்சாகாத தன் புதுக் கட்டுரையின் புரூஃபையும் சோமர்ஃபெல்டு கொடுத்தார். பையன் சோர்ந்துவிடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு தானே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அது வெளியானது. யாரும் வைக்காத பரீட்சை அது.

1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்குதான், வெள்ளைக் குள்ள விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்ற வரம்பு. 1935-இல் புகழ்பெற்ற ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் அதை லண்டனில் வானியலாளர்கள் கூடிய சபையிலேயே கேலி செய்தார். நோபல் வந்தது 1983-இல், 73 வயதில். ஆனால் பிழைப்பு அதுவரை காத்திருக்கவில்லை: 1933-இல் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ, 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருட பி.எஸ்.–எம்.எஸ். பட்டப்படிப்பில் சேரலாம். வெளியூர் வேண்டாமென்றால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. அப்புறம் பி.எச்டி., ஐந்தாறு வருடம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அதன்பின் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை. நிரந்தர வேலை கிடைக்க முப்பது வயதைத் தாண்டிவிடும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்து அவளை நெருக்காதீர்கள். வழியில் மனம் மாறினாலும் கணக்கும் கோடிங்கும் கையில் இருக்கும்; டேட்டா வேலைகளுக்குப் போகலாம்.

எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். கருந்துளை வீடியோ பார்த்து வந்த ஆசையா, கணக்குப் போட்டுப் போட்டு வந்த ஆசையா? அவளுடைய ரஃப் நோட்டை எடுத்துப் பாருங்கள். பாடத்தில் இல்லாத கணக்கு, அடித்துத் திருத்தி, விடை வராமல் மறுபடி போட்ட பக்கங்கள் இருக்கிறதா? இருந்தால் அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள். எந்தெந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.